நிறமில்லாத தண்ணீர்

அனுசுயாவின் நுண்ணுயிர்கள் செத்துக்கொண்டிருந்தன. தன்னுடையவை என்றுதான் அவள் சொல்வாள். நாற்பது சாயப்பட்டறைகளின் கழிவைத் தின்று தண்ணீரைத் தேற்றும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு வருஷமாக ஆய்வகப் பொறுப்பு அவளுக்கு. சாணிக் கரைசலும் வெல்லப்பாகும் ஊற்றி, காற்றடித்து, அவள் வளர்த்த தொட்டி அது. பத்து நாளாக அதில் நுண்ணுயிர்கள் திரண்ட சேறு அடியில் படியவில்லை. மேலே கலங்கலும் நாற்றமும்தான்.

அது 2007 டிசம்பர். நிலையத்தின் தலைவர் சென்னியப்பன் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். "குளுரு ஜாஸ்தி, பூச்சியெல்லாம் மந்தமாயிருச்சுன்னு எழுதிருங்க அம்மிணி. உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

திருப்பூர்க் குளிர் என்ன இமயமலைக் குளிரா? அப்படி எழுதினால் வேலை தங்கும், தொட்டி தங்காது. அனுசுயா கோப்புகளைப் புரட்டினாள். தொட்டி கெடுவதற்கு முந்தைய வாரம் புதிதாக வந்து சேர்ந்த தண்ணீர் ஒன்றே ஒன்று. வியர்வை நாறாத டி-சர்ட் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் மாதவனின் ஃபினிஷிங் யூனிட் தண்ணீர். நிறமில்லை, உப்பும் சொல்லும்படி இல்லை, விடலாம் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து அவளுடையது.

சிவப்பையும் நீலத்தையும் பார்த்தே பயந்து பழகிய ஊரில் நிறமில்லாத தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து நிலையத்தில் கேட்டு நல்ல சேறு வாங்கி வந்தாள். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி, ஒன்றில் வழக்கமான சாயத் தண்ணீரை மட்டும் விட்டாள். மற்றதில் அதோடு மாதவனின் தண்ணீரையும் சேர்த்தாள். மீன் தொட்டிக்கு வைக்கிற மோட்டார் இரண்டு நாள் காற்றடித்தது. மூன்றாம் நாள் பட்டறைக்காரர்களின் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, ஜாடிகளை மேஜைமேல் வைத்து மோட்டாரை நிறுத்தினாள்.

"அரை மணி நேரம் உக்காருங்க. அதுவே சொல்லும்."

ஒரு நிமிஷம் சும்மா இருந்து பழகாத முதலாளிகள் செல்போனும் கையுமாக நெளிந்தார்கள். இரண்டாவது ஜாடியில் ஒட்டியிருந்த தன் யூனிட் பெயரைப் பார்த்ததும் மாதவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாங்க போடறது நானோ சில்வருங்க. சுத்த வெள்ளி. கொழந்தைக்கு வெள்ளிச் சங்குல பால் ஊத்தறமே, அது கெடுதலுங்களா?"

"சங்கு அப்படியே இருக்குதுங்க. இது கண்ணுக்கே தெரியாத பொடி, தண்ணியோட வந்துருது. நாத்தம் கெளப்பற பூச்சியக் கொல்லத்தான சட்டைல போடறீங்க? தொட்டீல இருக்கறதும் பூச்சிதானுங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு உங்க வெள்ளிக்கு எப்படித் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். மாதவன் சிரிக்கவில்லை.

அரை மணி ஆனபோது முதல் ஜாடியில் சேறு அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. இரண்டாவது ஜாடி கலங்கிய டீயாக நின்றது. செல்போன்கள் பைக்குள் போயின. சென்னியப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

மாதவன் ஃபைலிலிருந்து அந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். "இதுல யாரு கையெழுத்துன்னு கேளுங்க தலைவரே."

எல்லாரும் அனுசுயாவைப் பார்த்தார்கள்.

"என்னுதுதானுங்க," என்றாள். "நெறத்தப் பாத்து ஏமாந்துட்டனுங்க. தப்பு என்னுது. பேனா கொஞ்சம் குடுங்க."

மாதவன் என்ன ஏதென்று யோசிக்காமல் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டிவிட்டார். கடிதத்தின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டு, அதே கையெழுத்தைப் பழையதன் பக்கத்திலேயே போட்டாள்.

"வெள்ளித் தண்ணிய இன்னைலருந்து தனியாப் புடிச்சு வெய்யுங்க. தொட்டி தேற மூணு வாரமாகும். தேறுனப்பறம் என்னைய வெச்சுக்கறதா வேண்டாமான்னு பேசிக்கலாம்."

சென்னியப்பன் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டுங்க அம்மிணி," என்றார். "தொட்டிக்குச் சாணி எத்தன லோடு வேணும்?"