ட்வைட் நன்றி சொன்ன நாள்

பாலைவன ஊரான டூசானின் வெயிலில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு இரும்புத் தொட்டி. தொட்டிக்குள் மரிசெலாவின் புருஷன் ட்வைட். விண்வெளிக்குப் போகிறவர்கள் விட்ட மூச்சைச் சுத்தப்படுத்தி அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனி அவர்களுடையது. கம்பெனி என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். செய்தவனே உள்ளே போய் மூச்சுவிட்டுக் காட்டாவிட்டால் யார் வாங்குவார்கள்? நாளைக் காலை வரை கதவு திறக்காமல் இருந்தால் ஆர்டர். திறந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

ட்வைட் வாயைத் திறந்தால் குறைதான். கல்யாணத்தன்றே கேக்கில் இனிப்பு போதவில்லை என்று பாதிரியாரிடம் முறையிட்ட மகானுபாவன்! உள்ளே போன நாளிலிருந்து ஒலிபெருக்கியில் திட்டு ஓயவில்லை. சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம், படுக்கை குத்துகிறதாம். மரிசெலா கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே நின்று காரம் அடைத்த ரொட்டிச் சுருளான பர்ரிட்டோவைக் காட்டிக் காட்டித் தின்றாள்.

"வெறுப்பேத்தாதடி! வெளியில வந்து வச்சிக்கிறேன்!"

மத்தியானம், வாங்கப்போகும் நிறுவனத்து அதிகாரி ஹாஸ்கெல் வந்து, உள்ளே காற்றை அளக்கும் மீட்டரைச் சன்னல் வழியாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே ட்வைட் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான்.

"யோவ், உயிரோட இருக்கியா?" என்றாள் மரிசெலா.

"இருக்கேன்மா... எல்லாம் நல்லா இருக்கு. உனக்குத்தான் பாவம், சிரமம். ரொம்ப நன்றி."

மரிசெலா கதவுப் பிடியில் கை வைத்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை.

"கதவைத் திறக்கப் போறேன்."

"மேடம், மீட்டர் சரியாத்தானே காட்டுது? திறந்தா டெஸ்ட் போச்சு!"

"மீட்டரா அவரோட குடித்தனம் பண்ணுச்சு? தள்ளுங்க!"

திரைக்குப் பின்னால் ட்வைட்டின் முகம் சிவந்து கிடந்தது, கண் எங்கோ செருகியிருந்தது. இருவரும் சேர்ந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். நல்ல காற்று பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறந்தது.

"எவடி திறக்கச் சொன்னா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"திட்டுய்யா, இன்னும் திட்டு" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஹாஸ்கெல் உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்தார். தலைமாட்டு விசிறி சுற்றவில்லை. காயட்டும் என்று ட்வைட் அதன்மேல் போட்ட ஈர சாக்ஸ் உள்ளே போய்ச் சிக்கியிருந்தது. விட்ட மூச்சு திரைக்குள்ளேயே தேங்கிவிட்டது. மீட்டர் இருந்ததோ எதிர்ச் சுவரில்.

"அறிவு இருக்கா உனக்கு?" என்றாள் மரிசெலா.

"வேற எங்க காயப்போடறது? கொடியா கட்டி வச்சிருக்க?"

ஹாஸ்கெல் விழுந்து விழுந்து சிரித்தார். "மேல போறவனும் இதைத்தான் செய்வான். தலைமாட்டுல ஒரு மீட்டர் வையுங்க, ஒரு கொடியும் கட்டுங்க. அடுத்த மாசம் டெஸ்ட்டை முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் ஆர்டரை வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

"அடுத்த தடவை நான் உள்ள போறேன்" என்றாள் மரிசெலா. "நீ வெளியில உக்காரு."

ட்வைட்டின் முகம் செத்துப்போயிற்று. தொட்டியைப் பார்த்தான், சன்னலோரத்தில் அவள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தான்.

"என்னால ஆகாதுடி. நீ மூச்சு விடறியா, இல்லையான்னு இங்க உக்காந்து பாத்துக்கிட்டே... ஐயோ, என்னால முடியாது."

"அப்போ இத்தனை நாளா நான் இங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்ச?"

ட்வைட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வீடு போய்ச் சேரும் வரை விடவில்லை.