ஒரே இழுப்பில் பிரியும் தையல்

ஊசியில் நூல் கோப்பது ஆணின் உடற்கூற்றுக்கு முற்றிலும் எதிரானது என்ற உண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவன் போடிநாயக்கனூரைச் சேர்ந்த எபினேசர்தான். கல்லூரிக் கேன்டீனில், கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, எழுந்து நின்று இதை அறிவித்தான். ஆண் விரல் நுனியின் தடிமன், கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஓடும் ஒரு நரம்பு, ஆதாம் காலத்திலிருந்து வரும் சான்றுகள் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. சிரிக்காமல் பேசுவதில்தான் இரண்டாமாண்டு வணிகவியலில் அவன் பெயர் வாங்கியிருந்தான். பாடங்களில் அப்படி எதுவும் வாங்கியிருக்கவில்லை.

"அப்ப பஜார்ல உக்காந்திருக்கிற டைலருக பூராம் யாருடா?" என்று கேட்டான் சுருளிவேல்.

"அது சோலி, மாப்ளே. சோறு போடுது, மன்னிச்சு விட்டுர்றோம். நீ செய்யறது ஆசை. ஆசைக்கு மன்னிப்புக் கிடையாது."

சுருளிவேலும் சேர்ந்துதான் சிரித்தான். அவன் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் இருந்ததுதான் இந்த ஆராய்ச்சிக்கே காரணம்.

வெள்ளிக்கிழமை கல்லூரி ஆண்டு விழா, அதில் ஒரு உடைப் போட்டி. துறைக்கு ஒரு உடை, அதைப் போட்டு நடக்க ஒரு ஆள், தைப்பதும் மாணவராகவே இருக்க வேண்டும். வணிகவியல் சார்பில் நடக்கப்போவது பவித்ரா. யோசனையும் அவளுடையது. அவள் அம்மா சுப்புத்தாய் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள், வீட்டு ஆம்பளையின் பழைய சட்டை. செடியின் தாள் கையைக் கிழிக்காது, அட்டை ஏறாது. காயின் பால் பட்டுப் பட்டு மணிக்கட்டுப் பட்டை கறுத்துப்போகும். எந்தச் சோப்புக்கும் அந்தக் கறுப்பு போகாது. அப்படிப்பட்ட ஏழு சட்டைகளை வெட்டி ஒரு நீளக் கவுன். கீழ் ஓரத்தைச் சுற்றிலும் கறுத்த பட்டைகள் பதினாலும் வரிசையாக வரவேண்டும். தைக்கிறவன் சுருளிவேல். பள்ளிக்கூட லீவுகளில் ஒரு டைலர் கடையில் உட்கார்ந்து பழகியவன், அவன் வீட்டில் மிஷினும் இருந்தது.

எபினேசர் திங்கட்கிழமை ராசிங்காபுரத்தில் சுருளிவேல் வீட்டுக்குப் போய், கழுத்தில் டேப்பும் வாயில் நாலு குண்டூசியுமாக மிஷினில் குனிந்திருந்த நண்பனைப் படம் எடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படம் 'மூணாவது பெஞ்ச் முரசு' என்ற வாட்ஸ்அப் குழுவில் வெளிவந்தது. ஆசிரியர், நிருபர், உரிமையாளர் எல்லாம் எபினேசரே. கீழே எழுதியிருந்தது இதுதான்:

"சுருளியக்கா லேடீஸ் டைலர்ஸ், திறப்பு விழா. கவுன், ஜாக்கெட், சேலைக்கு ஃபால்ஸ் அடித்துத் தரப்படும். ஆண்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளர் உட்பட."

கடைசி இரண்டு சொற்களுக்காக அவன் பதினைந்து நிமிடம் யோசித்திருந்தான். அதற்குத் தக்க பலனும் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் படம் கல்லூரியைத் தாண்டி, மறுநாள் விடியலில் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஸ்டாண்டுக்கே போய்விட்டது.

புதன்கிழமை சுருளிவேல் வரவில்லை. பவித்ராதான் வந்தாள். நூலகத்து வராண்டாவில் எபினேசரின் முன்னால் துணிப்பையை வைத்தாள்.

"அவன் இனி வரமாட்டான். மிஷினத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு அவங்கப்பா."

"ஏன்?"

"ஏனா? அவரு ஜீப்பு ஓட்டுறாருல்ல. எங்கம்மா போற ஜீப்புதான். காலையில ஸ்டாண்டுல அத்தனை டிரைவரும் சேந்து கேட்ருக்காங்க, 'என்ன கன்னையா, மகளுக்கு எப்ப மாப்ள பாக்கப்போற?'ன்னு. எங்கம்மா உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. மேட்டுக்குப் போற வரைக்கும் மனுசன் ஒரு வார்த்தை பேசலையாம், அம்மா போன்ல சொல்லுச்சு. ஆள எறக்கிட்டுத் திரும்பி வந்ததும் மொத வேலையா மிஷினத் தூக்கிட்டாரு."

எபினேசருக்கு இரண்டு பதில்கள் தோன்றின. இரண்டும் நகைச்சுவையானவை. அவை தோன்றியதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"உன்னைப் பத்தியோ உங்கம்மாவைப் பத்தியோ நான் ஒண்ணும் எழுதலையே."

"எழுதல. அதனாலதான் நானும் பாத்துச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சேன், ரெண்டு பேருக்கு அனுப்பவும் செஞ்சேன்." அவள் பையை அவன் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு ஒத்திகை. பக்கவாட்டுத் தையல் ரெண்டும் பாக்கி, கீழ் ஓரம் பாக்கி. என்ன செய்யப்போற சொல்லு."

அவன் முதலில் செய்தது, முரசில் மன்னிப்புக் கேட்டது. "சுருளிவேலைக் கேலி செய்து எழுதியதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்" என்று ஒரே வரி. அரைமணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. "மாப்ளே, இதுதான் இதுவரைக்கும் வந்ததுலயே டாப்பு" என்று ஒருவன் எழுதினான். எபினேசர் வருந்துவதைவிடப் பெரிய நகைச்சுவையை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. மன்னிப்பும் படத்தோடு சேர்ந்து ஊரைச் சுற்றக் கிளம்பியது.

பிறகுதான் பையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். வீடு மாடியில், கீழே அப்பா ஜெபகுமாரின் ஏலக்காய்க் கடை. தரம் பிரிக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரம். காய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அலமாரியில் கிடந்ததில் சின்ன ஊசியாக ஒன்றை எடுத்தான்.

ஆணின் உடற்கூறு பற்றிய அவன் ஆராய்ச்சியில் ஒரு சிறு விடுபடல் இருந்தது. பத்து வயதிலிருந்து அவன் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருக்கிறான். அதைத் தையல் என்று அவன் நினைத்ததே இல்லை, கடை வேலை என்றுதான் நினைத்திருந்தான். கை தானாக ஓடியது. நூலைக் கண்ணி கண்ணியாக மடித்து, ஒரு கண்ணிக்குள் இன்னொன்றை விட்டு, ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கத்தையும் முடித்தபோது முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கீழ் ஓரத்துப் பட்டைகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்தினான்.

எட்டிப் பார்த்த அப்பா, "என்ன எபி, சட்டைக்குள்ள லோடு ஏத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வரிசை நேராக வந்திருந்த பெருமையில் அவனுக்கு அது உறைக்கவில்லை.

சாக்கு வாய்த் தையலுக்கென்று ஒரு லட்சணம் உண்டு. வாங்க வருகிற வியாபாரி காயை அள்ளிப் பார்க்க வேண்டும். அதனால் நூலின் ஒரு நுனியில்தான் முடிச்சு. மறுநுனியைச் சும்மா விட்டிருப்பார்கள். அதைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் வாய் முழுவதும் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால்தான் தைத்தவனுக்குத் திட்டு விழும். இத்தனை வருடத்தில் எபினேசர் திட்டு வாங்கியதே இல்லை.

வியாழக்கிழமை ஒத்திகையில் பவித்ரா சுடிதாருக்கு மேலே கவுனை மாட்டிக்கொண்டு நடந்தாள். மேடையின் முனைவரை போனாள். அரங்கில் பேச்சு அடங்கியது. உண்மையாகவே நன்றாக இருந்தது. திரும்பும்போது இடுப்பருகே தொங்கிய நூல் நுனி ஒரு நாற்காலி ஆணியில் மாட்டியது. அவள் இரண்டு எட்டுத்தான் வைத்தாள். இடுப்பிலிருந்து அக்குள் வரை, பர்ரென்று, ஒரு கண்ணி மிச்சமில்லாமல் கவுன் வாயைத் திறந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சுருளியக்கா தையல்டோய்!"

அரங்கமே அதிர்ந்தது. பவித்ரா பிரிந்த பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் எபினேசரைத் தேடினாள். கண்டுபிடித்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எழுந்து நின்று, "நான் தைச்சதுடா அது" என்று சொல்வதற்கு மூணு சொல் போதும். கேன்டீனில் எழுந்து நின்று நாற்பது நிமிடம் பேசுகிறவன், முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே தோளில் தட்டியபோது, உதட்டை இழுத்துச் சிரிக்கவும் செய்தான்.

ராசிங்காபுரம் பஸ்சில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்படியில் நின்றான். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் ஏறும்போது கேட்டிருந்தாள்.

சுருளிவேல் வாசலில் நின்றான். பிரிந்த பக்கத்தைக் கையில் வாங்கி, ஊசி ஏறிய துளைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"சாக்குத் தையலாடா போட்ட?"

"ஆமா."

"யாரு தைச்சதுன்னு கேட்டாங்களா?"

"கேக்கல. நீ தைச்சதுன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

எபினேசர் மறுபடியும் தரையைப் பார்த்தான். சுருளிவேல் கவுனை மடித்துப் பவித்ரா கையில் கொடுத்தான். "போங்க. எங்கப்பா வர்ற நேரம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஜீப்பு வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள், சட்டையும் தூக்குச் சட்டியுமாக ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கன்னையன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதும் நேரே எபினேசரிடம் வந்தார்.

"நீதான அந்த முரசுக்காரன்? இன்னும் என்னய்யா படம் எடுக்கணும்? ஏம் பொண்டாட்டி சேலை கொடியில கெடக்கு, அதையும் எடுத்துக்கிரு."

"அப்பா, நான் தப்பு..." என்று தொடங்கினான் எபினேசர்.

"அவன் தைச்ச கவுன் மேடையில பிரிஞ்சுபோச்சாமே? வர்ற வழியிலேயே போனப் போட்டுச் சொல்லிட்டானுக."

"அது நான் தைச்சதுப்பா," என்றான் எபினேசர். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். "நான் தைச்சது. சாக்குத் தையல். சுருளி தைச்சதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சும்மா இருந்துட்டேன்."

கன்னையன் அவனை அடிப்பார் என்றுதான் பவித்ரா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவர் தன் காக்கிச் சட்டையின் தோள்பட்டையை விரலால் பற்றி இழுத்துக் காட்டினார்.

"இந்தா, இது எம் மகன் தைச்சது. மூணு வருசமா இதப் போட்டுத்தான் கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்க ஒடிக்கிறேன். ஒரு நூலு பிரிஞ்சிருக்கா பாரு. பாருய்யா! பொம்பள உடுப்பத் தைக்கிறான்னு சொன்னானுக, தலையக் குனிஞ்சேன், பரண்ல ஏத்துனேன். தையல் தெரியாதவன்னு சொல்ல எவனுக்குய்யா உரிமை இருக்கு?" அவர் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "டேய் சுருளி! வெரசா ஏறி மிஷின எறக்கு!"

"நான் போன்ல எழுதிப் போட்டுர்றேம்ப்பா, நான் தைச்சதுன்னு."

"நீ எழுதுனா சிரிப்பானுக. மன்னிப்புக் கேட்டியாமே, அதுக்கும் சிரிச்சானுக. எழுத வேணாம். வாசல்ல உக்காந்து தை. போறவன் வர்றவன் பாக்கட்டும்."

மிஷின் இறங்கியது. சுருளிவேல் பழைய துளைகளைத் தாண்டி அரை விரல் உள்ளே தள்ளி, பக்கவாட்டு இரண்டையும் மிதித்து முடித்தான். கீழ் ஓரத்துப் பட்டைகளை மட்டும் மிஷினில் விட முடியாது. காய்ப் பால் ஏறி இறுகிய இடத்தில் ஊசி ஒடிந்துவிடும். கையால்தான் தைக்க வேண்டும். மெல்லிய ஊசியையும் நூலையும் சுருளிவேல் நீட்டினான். எபினேசர் வாங்கிக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்தான். நூல் ஊசிக்குள் போகவில்லை. மறுபடியும் போகவில்லை. மூன்றாவது முறை போனது.

"ரெண்டு நுனியிலயும் முடிச்சுப் போடு," என்றான் சுருளிவேல். அன்றைக்கு அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஜீப்பில் வந்த பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை, சுற்றி நின்றார்கள். சுப்புத்தாய் குனிந்து பார்த்தாள். அவள் கைவிரல்களும் அந்தப் பட்டைகளும் ஒரே கறுப்பாக இருந்தன.

"ஆத்தீ, இது எஞ் சட்டைல! இதையா நாளைக்கு மேடை ஏத்தப்போறீக?" என்றவள், தைப்பவனைப் பார்த்தாள். "யாருத்தா இந்தப் பிள்ள?"

"ஏலக்காய்க் கடை ஜெபகுமார் மகன்," என்றாள் பவித்ரா.

"ஏன் தம்பி, பொம்பள உடுப்பா தைக்கிற?"

"ஆமாக்கா."

ஒரு பெண் போனை எடுத்தாள். "தம்பி, கொஞ்சம் இங்கிட்டுப் பாரு."

எபினேசர் நிமிர்ந்து பார்த்தான். காது மடல்கள் எரிந்தன. இந்தப் படம் ஜீப்பு ஸ்டாண்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குக் கீழே எழுத, அவர்கள் எவருக்கும் தோன்றாத அளவுக்கு நல்ல வரிகள் மூன்று, கேட்காமலே அவன் தலைக்குள் வந்து நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் எடுத்து முடிக்கும் வரை அசையாமல் இருந்தான். பிறகு குனிந்து நூலை இழுத்தான். இன்னும் பதினோரு பட்டைகள் பாக்கி இருந்தன.