பிறக்காத பேரனுக்கு ஒரு மாடம்

குடும்பத்துக்கான புதிய கல் மண்டபத்தில் சாம்பல் சாடி வைக்க மொத்தம் இருபத்து நான்கு மாடங்கள். வரைபடத்தை மூன்று முறை பார்த்தேன். அப்பாவின் பெயர் பதினோராவது மாடத்தில் இருந்தது. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

உய்சங் ஊரின் மலைச்சரிவில் எங்கள் குடும்பத்துக்குப் பத்து மண்மேட்டுக் கல்லறைகள். அப்பாவுடையது மட்டும் கீழே, அவர் வாங்கிய பூண்டு வயலின் ஓரத்தில். முன்னோர்களைக் கும்பிடும் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் பதினொன்றிலும் புல் அறுப்பது இருபது வருடமாக அம்மாதான். ஆண்கள் சியோலிலிருந்து காரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த வசந்தத்தில் சந்திரக் கணக்கின் கூடுதல் மாதம் வந்தது. அந்த மாதத்தில் கல்லறையைத் தோண்டினால் தோஷமில்லை. எல்லா மேடுகளையும் திறந்து, எலும்புகளை எரித்து, சாம்பலைச் சாடிகளில் மண்டபத்துக்குள் வைக்கப் பெரியப்பா ஏற்பாடு செய்திருந்தார். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஒவ்வொரு மேட்டையும் திறக்க இறந்தவரின் பிள்ளை வழி வாரிசு, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைப் படிவத்தில் குத்த வேண்டும். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை.

பெரியப்பா படிவத்தோடு வந்தார். அம்மா பார்லி டீ வைத்தாள்.

"குத்தும்மா கும்-ரான், நேரமாச்சு."

"அம்மாவுக்கு எந்த மாடம் பெரியப்பா?"

"அது... பொம்பளைங்கள்ல ஆம்பளப் புள்ள பெத்தவங்களுக்குத்தான் மாடம். குடும்பக் கூட்டத்துல முடிவு பண்ணது."

"கடைசி மூணும் பேரில்லாம காலியா கெடக்கே?"

"பேரனுங்களுக்கு."

"உங்களுக்கு ஏது மூணு பேரன்?"

"பொறப்பானுங்க."

"பொறக்காதவன் சாவுக்கு இடம் போட்டாச்சா? உங்க மருமககிட்ட சொல்லிட்டீங்களா?"

"வாயப் பாரு! இவள காலேஜுக்கு அனுப்பினது தப்பாப் போச்சு."

"நீங்க எங்க அனுப்புனீங்க? அம்மா பூண்டு வித்து அனுப்புனா."

பெரியப்பா டீயைத் தள்ளி வைத்தார். "மேடும் கல்லறை, மண்டபமும் கல்லறை. செத்தவனுக்கு என்ன வித்தியாசம்?"

"செத்தவருக்கு இல்ல, சாகப்போறவங்களுக்கு இருக்கு. மேட்டுக்குப் பக்கத்துல இன்னொரு மேடு போடலாம். மண்டபம்னா கட்டடம். கதவு இருக்கு, பூட்டு இருக்கு. சாவி உங்க பையில இருக்கு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "குத்திருடி. வம்பு வேண்டாம். என்னை எங்கயாவது தூவிரு."

இத்தனை வருடம் அப்பா பக்கத்தில்தான் தனக்கு இடம் என்று சொல்லிவந்தவள் இவள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முத்திரையை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"ஒங்கப்பன் அநாதையாக் கெடப்பான்," என்று எழுந்தார் பெரியப்பா. "பேரு வேற செதுக்கியாச்சு."

"சொரண்டிருங்க."

மாதம் முடிவதற்குள் பத்து மேடுகளும் காலியாயின. அப்பா வயலோரத்திலேயே இருந்தார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போனவள், அப்பாவின் மேட்டை ஒட்டியிருந்த பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"இன்னும் முத்தவே இல்லையேம்மா."

"பச்சையாவே ஊறுகா போடலாம். நீயும் என் உசரந்தான். படுத்துக் காட்டு, எடம் பத்துதான்னு பாப்போம்."

படுத்தேன். கால் பூண்டுச் செடியில் இடித்தது. இன்னும் ஒரு வரிசை பிடுங்கினோம்.