எட்டாவது பெயர்

லிரா நகருக்கு வடக்கே உள்ள எங்கள் பெண்கள் விடுதிப் பள்ளியில், விடியற்காலை நான்குக்கே படிப்பு மணி அடித்துவிடும். நான் அங்கே கணக்கு டீச்சர். முதலாமாண்டு அடாலா ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், மணியை ஒரு மணி நேரம் தள்ளி அடிக்கச் சொல்லுங்களேன். கண்ணெல்லாம் எரியுது."

"அழுது பிரயோஜனமில்ல. எண்ணிக் காட்டினாத்தான் ஹெட்மாஸ்டர் கேப்பார்."

எண்ணினேன். விடுதிப் பட்டியலில் இருநூற்று நாற்பது பெயர்கள். முதல் பெயரில் தொடங்கி எட்டுக்கு ஒருத்தியாக முப்பது பேரைக் கேட்டேன். தூங்கிய நேரத்தை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்து அட்டவணை போட்டேன். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை இருபத்தேழு பேர். எட்டுக்கு மேல் மூன்று பேர். ஆறுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை.

"என்னைக் கேக்கவே இல்லியே மேடம்?" என்றாள் அடாலா.

"எல்லாரையும் கேக்கணும்னு இல்லடி. முப்பது பேர் போதும்."

"நம்மளவிட நல்லாத் தூங்குதுங்க! உங்க கணக்கே சொல்லுதே" என்று ஹெட்மாஸ்டர் ஓக்வாங் சிரித்தார். மணி மாறவில்லை.

மூன்றாம் வாரம், மணி அடிக்குமுன் அடி பம்பில் தண்ணீர் எடுக்கப் போன அடாலா, நடந்தபடியே தூங்கிப்போய் சாலையில் லாரிக்கு முன் விழுந்தாள்.

அவளுடைய பெட்டியை எடுக்கப் போனபோதுதான் விடுதியைச் சரியாகப் பார்த்தேன். அறைக்கு எட்டுக் கட்டில். முதல் கட்டில் அறைத் தலைவிக்கு. அவளுக்கும் சேர்த்துச் சின்னப் பிள்ளைகளே தண்ணீர் சுமக்கும்; மணிக்கும் அவள் எழ வேண்டியதில்லை. பட்டியல் எழுதப்பட்டதோ கட்டில் வரிசையில். நான் கேட்ட முப்பது பேரும் தலைவிகள். படுபாவி நான், கட்டில்களை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

மறுபடியும் தொடங்கினேன். இந்த முறை எல்லாப் பெயர்களையும் சீட்டெழுதிக் குலுக்கினேன். ஏழாவது சீட்டு அடாலா. பட்டியலில் யாரும் அவள் பெயரை அடித்திருக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தேன். முப்பது பேருக்கு அதே அட்டவணைக் கட்டங்கள் போட்ட தாள் கொடுத்தேன்.

திரும்பி வந்தவை முப்பத்தொன்று. ஒன்றில் அடாலாவின் பெயர். 'பத்து மணி நேரத்துக்கு மேல்' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

"யாருடி எழுதினது?" வகுப்பில் கத்தினேன்.

அடாலாவின் பக்கத்துக் கட்டில்காரி ஆச்சென் மட்டும் எழுந்தாள். குரலில் குறும்பு இல்லை, பொறாமைதான் இருந்தது.

"அவதானே மேடம் இப்ப நல்லாத் தூங்குறா."