தெருமட்டத்தில் விற்றது

எங்கள் அடுக்குமாடியில் அவரவர் அறை, அவரவர் வாங்கிய பங்குகளின் விலைக்கு ஏற்ற உயரத்தில் நிற்கும். விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். பங்குகளை விற்றுவிட்டால், அன்றைக்கு இருந்த உயரத்திலேயே நின்றுவிடும்.

வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பாவின் பங்குகள் வீட்டை நான்காம் மாடியில் வைத்திருந்தன. என் அறை மட்டும் என் பெயரில். உதவித்தொகையில் வாங்கிய பெயின்ட் கம்பெனிப் பங்குகள் அதைத் தாங்கின.

அக்கா மங்கை, ஸ்டீபனைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, “இந்தப் படியில இனி உன் கால் படக்கூடாது” என்றார் அப்பா. இரண்டு வருடமாகப் படவில்லை. பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வோம். பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. என் கட்டிலில் குறுக்காகப் படுத்து என்னை ஓரத்துக்குத் தள்ளுவாளே, அது பஸ் ஸ்டாப்பில் நடக்குமா?

மார்ச்சில் ஒரே வாரத்தில் சந்தை விழுந்தது. எங்கள் வீடும் என் அறையும் தெருமட்டத்துக்கு இறங்கின. எங்களுக்குக் கீழே இருந்தவர்கள் மண்ணுக்குள் போய், பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா தெருவிலிருந்து நேராக உள்ளே வந்து என் கட்டிலில் விழுந்தாள்.

“நகருடி.”

அப்பா வந்து நின்றார். “யாரைக் கேட்டு உள்ள வந்தா?”

“படியில கால் படக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? படி எங்கப்பா? காட்டுங்க.”

அப்பா தேடிப் பார்த்தார். இல்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினாறு நாள் வந்தாள். பதினேழாம் நாள் சந்தை திரும்பியது. வீடு ஒரு சாண் உயர்ந்தது. அடுத்த நாள் முழங்கால் உயரம். அக்கா காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். கட்டடம் முழுக்க லட்டு கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீண்டது மீண்டது என்கிறார்களே, யாருக்கு?

“வித்துடுங்கப்பா.”

“விழுந்த விலையில எவனாவது விப்பானா? காலேஜ்ல என்னதான் படிக்கிற?”

“அரசியல் அறிவியல்.”

“அதான்.”

“உங்க பங்கு ஏறுறதுக்கு அவ ஏன்பா கீழ நிக்கணும்?”

அப்பா போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடுடி, பஸ் ஸ்டாப் இருக்கே” என்றாள் அக்கா.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பங்குகளை அப்போதே விற்றேன்.

“லூசு, நஷ்டம்டி” என்றாள், இன்னும் கொஞ்சம் குறுக்காகப் படுத்தபடி.

வெள்ளிக்கிழமைக்குள் வீடு நான்காம் மாடிக்குப் போய்விட்டது. என் அறை கீழே தங்கிவிட்டது. கதவு தெருவில் திறக்கிறது. அப்பா பால்கனிக்கு வருவதில்லை. சாப்பிட்டாரா என்று அண்ணாந்து கேட்பேன். பதில் வராது.

என் மின்விசிறியின் சுவிட்சும் ரெகுலேட்டரும் அப்பா பக்கத்துச் சுவரில் இருந்தவை. அவையும் மேலே போய்விட்டன. நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது விசிறி மூன்றில் சுற்றத் தொடங்குகிறது. அக்காவுக்குப் புழுக்கம் ஆகாது. அவள் வந்து படுத்தால் ஐந்துக்குப் போகிறது.