பக்கத்து ஜன்னல்

கைபேசித் திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் வெளிநாட்டிலிருக்கும் ஓரகத்தி, ஒன்றில் வேறொரு நாட்டிலிருக்கும் நாத்தனார், மூன்றாவதில் என் வயிறு.

"எங்க ஊர்ல நர்ஸம்மா வீட்டுக்கே வந்து குளிப்பாட்டக் கத்துக்குடுத்தாங்க. ஒத்தக் காசு வாங்கல" என்றார் ஓரகத்தி.

"ஆமா, முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தே உங்களுக்குக் கூன் விழுந்துச்சே! இங்க தனி அறை, கூப்பிட்ட குரலுக்கு ஆள்" என்றார் நாத்தனார்.

"கூப்பிடலாமான்னு மொதல்ல காப்பீட்டுக்காரனைக் கேக்கணுமாமே, அண்ணி?"

என் தோளுக்குப் பின்னாலிருந்து இவர் எட்டிப்பார்த்தார். "நீங்க சண்டையை முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே குரல். பிரசவ அறையில் புருஷன் பக்கத்திலேயே இருந்தாராம். எங்கள் அரசு மருத்துவமனையில் செலவில்லை, காத்திருப்பு இல்லை, எந்நேரமும் டாக்டர் உண்டு. உள்ளே சொந்தக்காரர்களுக்கு மட்டும் இடமில்லை. வலியைவிட அந்தத் தனிமைக்குத்தான் நான் பயந்தேன். இவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். "மாடி ஜன்னலுக்குக் கீழயே நிப்பேன். நீ எப்ப எட்டிப்பார்த்தாலும் இருப்பேன்" என்றார்.

சொன்னபடியே நின்றார். விட்டு விட்டு வலி வந்த காலையில் நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி மும்முரமாகக் கையசைத்துக்கொண்டிருந்தார். எனக்கல்ல, பக்கத்து ஜன்னலுக்கு. அங்கிருந்து வளையல் போட்ட ஒரு கை பதிலுக்கு ஆடியது.

கத்த வாயெடுத்தேன். "இது என்ன சந்தையா?" என்றார் நர்ஸ்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். ஜன்னலருகே நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைவிடப் பெரிய வயிறு.

"அது எங்க வீட்டுக்காரர்" என்றேன். குரல் கொஞ்சம் கடுத்துத்தான் வந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தப்பா நினைக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு, அம்மா வர்றதுக்கு ராத்திரியாயிடும். யாரோ விடாம கையாட்டுறாரேன்னு..." ஜன்னலை விட்டு விலகி வழிவிட்டாள். "நீங்க வாங்க, நில்லுங்க."

நின்றேன். ஆசை தீரக் கையசைத்தேன். திரும்பினால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரிந்ததுதான். பல நாட்களாகக் கண்ணாடியில் பார்த்துவந்த முகம்.

"ஏம்மா, ரெண்டு வயிறும் சேர்ந்தா ஜன்னல் தாங்காதா? வா இங்க."

ஒருக்களித்து நின்றுதான் இடம் பிடிக்க முடிந்தது. கீழே இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பியே அதிர்ந்தது. அடுத்த வலி வந்தபோது நான் பற்றிக்கொண்டது அவள் மணிக்கட்டை. அவளுக்கும் அப்போதுதான் வந்ததோ என்னவோ, என் தோளை இறுக்கினாள். கீழே இவர் ஒன்றும் புரியாமல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, வெயிலில் ஆட்டிக்கொண்டே இருந்தார்.