நாலாம் நாளும் நிற்காத வலி

நவ்ரீத்துக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது கோதுமை அறுவடை வந்தது. காலை எட்டு மணிக்கே இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. அவள் ஜன்னல்களைச் சாத்தி, துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். தூசி அவளுக்குப் பொருட்டில்லை. தூசியோடு பறந்து வரும் கோதுமைக்குத்தான் பயம்.

அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒன்று போனது, நான்காம் மாதத்தில் ஒன்று. இரண்டாவதும் போன பிறகுதான் லூதியானாவில் ஒரு பெண் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்து, கோதுமை உன் உடம்புக்கு ஆகாது, ஒரு துணுக்குகூடக் கூடாது என்றார். பஞ்சாபின் ஜக்ராவ் பக்கத்தில் பதினெட்டு ஏக்கரும் கோதுமை போடும் வீட்டு மருமகளிடம் சொல்கிற பேச்சா அது! ஊரே சிரித்தது. ஆனால் கோதுமையை நிறுத்திய ஒன்றரை வருடத்தில் அவள் ஒன்பது கிலோ ஏறினாள், மறுபடி கருவும் தரித்தது.

ஏழு வருடமாக இருந்த உடம்பு வலியும் அதோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பாதிதான் போனது. மீதிப் பாதிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று இன்னொரு பெயரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். அது வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. ஒன்றைக் கோதுமை வலி என்றும் இன்னொன்றை மற்ற வலி என்றும் சொல்லப் பழகிவிட்டார்கள். லாரி ஓட்டும் அவள் கணவன் ஜக்தார், குவாஹாட்டியிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பான். "எந்த வலி இன்னைக்கு? கோதுமையா, மத்ததா?"

அவளுக்கு வித்தியாசம் தெரியும். கோதுமை வலி வயிற்றில் ஆரம்பிக்கும். சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் வயிறு கல்லாகும், பேதி போகும், மறுநாள் நாக்கில் புண் வரும், தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் பேர்கள் மறந்துபோகும். மூன்றாம் நாள் விட்டுவிடும். மற்ற வலி வயிற்றைத் தொடாது. தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வந்து உட்காரும். போர்வை பட்டாலே எரியும். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் நிச்சயம் வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

அறுவடையன்று அவளுக்குப் பாசிப்பருப்பும் சோறும் தட்டில் வந்தது. சமைத்தது ஜக்தாரின் அண்ணி தவிந்தர். அந்த வீட்டில் பெண்கள் என்று இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். வயல்காரர்கள் பதினான்கு பேருக்கு ரொட்டியும் அல்வாவும் ஒருபுறம், நவ்ரீத்துக்குத் தனிப் பாத்திரம் ஒருபுறம். "மகாராணிக்குத் தனி அடுப்பு, தனி கரண்டி. மாவு டப்பாவுக்கு ஒரு போலீஸ்காரனும் போட்டுட்டா முடிஞ்சுது" என்று தவிந்தர் வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாய் அப்படித்தான். கை ஒழுங்காகத்தான் இருக்கும்.

மாலைக்குள் வயிறு இறுகியது. நான்கு முறை வெளியே போனாள். மறுநாள் நாக்கின் ஓரத்தில் இரண்டு புண். கோதுமைதான், சந்தேகமில்லை. தூசியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் நாள் விடவில்லை. நாலாம் நாள் இடுப்பிலிருந்து அடிவயிறு வரை இழுத்துப் பிடித்தது. தொடை எரிந்தது. குளியலறையில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். இது எது? கோதுமை என்றால் இன்னும் யாரோ கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற வலி என்றால் அடிவயிறு எதற்கு இழுக்கிறது? மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அதை நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. போன இரண்டு தடவையும் அது இடுப்பு வலியாகத்தான் ஆரம்பித்தது.

தவிந்தரின் போக்கும் அவளைப் பயமுறுத்தியது. கேலியே இல்லை. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் தினம் மூன்று வேளையும் கதவருகில் நின்று கேட்டாள்.

"கறை ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல, பேண்ஜி." அக்காவை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லாப் பாத்தியா?"

எதற்குக் கேட்கிறாள்? நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லையே என்றா? தவிந்தருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்த நினைப்பு வந்ததும் நவ்ரீத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. படுத்தால் தூக்கமில்லை. அடுப்படியில் பாத்திரம் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் அவளே சமைத்தாள். அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினாள், உப்புக்குப் புதுப் பொட்டலம் உடைத்தாள். சாப்பிட்டது சோறும் தயிரும் மட்டும். ஆறாம் நாள் வலி கூடியது. தோளைத் தூக்க முடியவில்லை. சல்வார் நாடா பட்ட இடம் தீயாக எரிந்தது. அப்படியானால் சோற்றில் இல்லை. உப்பிலா? தண்ணீர்க் குடத்திலா?

ஜக்தார் கூப்பிட்டான். "எந்த வலி?"

"தெரியல ஜி. எனக்கே தெரியல."

"உனக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? டாக்டர்கிட்டப் போ. அண்ணியைக் கூட்டிட்டுப் போ."

"அவங்க வேண்டாம்."

இது தவிந்தர் காதில் விழுந்தது. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரத் துணியோடு வந்து நின்றாள். "ஏன், நான் வந்தா என்ன?"

நவ்ரீத் போனைக் கீழே வைத்தாள். "பேண்ஜி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்கு என்ன குடுத்தீங்க?"

தவிந்தர் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. துணி கையிலிருந்து நழுவியது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குக் கோதுமை அல்வா கிண்டிக்கிட்டு இருந்தேன். பதினாலு பேரு, 'ரொட்டி எங்க, ரொட்டி எங்க'ன்னு கத்துறானுங்க. உன் பருப்பு பொங்கிடுச்சு. அதே கரண்டிய விட்டுக் கலக்கிட்டேன். ஒரே ஒரு கலக்கு. கலக்கின அப்புறந்தான் கரண்டியப் பாத்தேன்."

"அதைக் கொட்டியிருக்கலாமே!"

"கொட்டத்தான் போனேன். அதுக்குள்ள நீ உள்ளேருந்து பசிக்குதுன்னு கூப்பிட்ட. சொன்னா வேற செய்யணும், எல்லாரும் காத்திருக்காங்க. மேலாப்புல கொஞ்சம் எடுத்து வீசிட்டுப் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். "சாயங்காலம் நீ ஓடுனதப் பாத்ததும் என் உயிரே போயிடுச்சு. இது போச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? மலடி கொன்னுட்டான்னுதானே சொல்லும்? ஆறு நாளா நானும் தூங்கல. ஒவ்வொரு வாட்டி நீ கதவத் திறக்கும்போதும் கறைன்னு சொல்லிடுவியோன்னு செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

நவ்ரீத்துக்குக் கோபம் வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஒரு நாள் மட்டும்தான் என்றால், மிச்ச ஐந்து நாள் இழுக்கும் வலி எது? அந்த மூன்றாவதுதானா? "பேண்ஜி, செருப்பப் போடுங்க. போலாம்."

பக்கத்து வீட்டுக் காரில் இரண்டு பேரும் லூதியானா போனார்கள். மேடுபள்ளம் வரும்போதெல்லாம் தவிந்தரின் கை அவள் வயிற்றுக்கு முன்னால் தானாக வந்து நின்றது, தொடாமல்.

மருத்துவர் முதலில் ஸ்கேன் திரையைத்தான் பார்த்தார். பிறகு இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. கர்ப்பப்பையின் வாயும் இறுக்கமாக மூடியிருந்தது.

"பேதி எப்ப நின்னுச்சு?"

"ரெண்டாம் நாளே."

"நாக்குப் புண்ணு?"

அப்போதுதான் நாக்கால் தடவிப் பார்த்தாள். ஆறியிருந்தது. எப்போது ஆறியது என்று அவள் கவனிக்கவே இல்லை.

மருத்துவர் தோளில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். நவ்ரீத் கத்திவிட்டாள். "போர்வை எரியுதா? தூங்கி எத்தனை நாளாச்சு?"

"ஆறு."

"முதல் நாள் கோதுமை. அது மூணாம் நாளே போயிடுச்சும்மா. இது மத்தது. பயந்து, தூங்காம, உடம்ப முறுக்கிக்கிட்டே கெடந்து நீயே அதக் கூப்பிட்டிருக்க. அடிவயிறு இழுக்குறது வயிறு பெருக்குறதால, அஞ்சாம் மாசத்துல எல்லாருக்கும் வரும். ஒரு கரண்டியால குழந்தை போறதில்ல. நீ முன்னாடி வருஷக்கணக்குல தெரியாம சாப்பிட்டது வேற கதை."

நவ்ரீத் தலையாட்டினாள். நம்பினாளா என்று கேட்டால், அந்த அறையில் நம்பினாள். கார் ஊர் எல்லைக்குள் நுழைந்து, அறுத்த வயல்களின் மேல் பதர் பறப்பதைப் பார்த்ததும் மறுபடி துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள்.

வலி விட இன்னும் பன்னிரண்டு நாளானது. அதுவரை தவிந்தர் அவளுடைய பாத்திரங்கள் பக்கமே போகவில்லை. "நான் தொட மாட்டேன், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். ஒருநாள் நவ்ரீத்தால் எழுந்திருக்க முடியவில்லை. "எனக்குப் பசிக்குது பேண்ஜி" என்றாள். தவிந்தர் வெகுநேரம் அடுப்பைப் பார்த்து நின்றாள். பிறகு கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அரிசியை எடுத்தாள்.

ஆகஸ்டில் பெண் பிறந்தாள், இரண்டரைக் கிலோ. ஹர்லீன் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை தவிந்தரின் மடியில்தான் கிடக்கும். தாய்க்கு இருப்பது பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

குழந்தைக்கு ஏழாம் மாதம், ஒரு காலையில் கோதுமை ரவையைக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். ஊட்ட இருவருக்கும் தைரியமில்லை. விடுப்பில் வந்திருந்த ஜக்தார்தான் அரைத் தேக்கரண்டி ஊட்டினான். குழந்தை சப்புக்கொட்டியது, இன்னும் கேட்டு வாயைத் திறந்தது. அன்று முழுக்க இரண்டு பெண்களும் மாறி மாறித் துணியை விலக்கி அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. குழந்தை ஏதாவது காரணத்துக்கு அழுதால் நவ்ரீத் இன்றைக்கும் முதலில் அதன் நாக்கைத்தான் பார்க்கிறாள்.